யாரும் கேட்காத உபவாசம்

அத்தியாயம் 11

அந்தச் சின்ன அறையில் அன்று காலை ஆறு பேர் இருந்தார்கள், நாற்காலிகள் ஐந்துதான். மேசைக்குப் பின்னால் மருத்துவர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு. அவருக்கு இடது கைப்பக்கம், கணினியோடு ஒண்டிக்கொண்டு, தேதிகளையும் கோப்புகளையும் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர். மேசைக்கு இந்தப் பக்கம், கை வைத்த ஒரே நாற்காலியில் தையல்காரம்மா. கால் வீக்கத்துக்கு அதுதான் தோது. அவரை ஒட்டி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் மகள், சாவிக்கொத்தை விரலில் மாட்டியபடி. ஜன்னலோரம், மின்விசிறிக் காற்று நேராக விழும் இடத்தில், தையல்காரம்மாவின் அண்ணன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் காற்று வரும் மூலை அவருக்கு முதலில் தெரிந்துவிடும்.

ஆறாவது ஆள், தையல்காரம்மாவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர். நாற்காலி மிஞ்சாததால் சுவரோரம் நின்றார். நிற்க எத்தனையோ இடம் இருந்தும், போயும் போயும் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

போன வாரம் வரைக்கும் நடந்தது இவ்வளவுதான். தையல்காரம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அண்ணன் தன்னுடையதைத் தருகிறேன் என்று சட்டையைக் கழற்றாத குறையாக முன்னால் வந்தார். அவருடைய சர்க்கரை அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. கணவருடையது பொருந்தியது. ஆண்டவர் ஜோடி சேர்த்தது சும்மாவா என்று சபையில் எல்லோரும் வியந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. இன்று வந்தது கடைசிச் சரிபார்ப்புக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

மருத்துவர் கோப்பை ஒரு தடவை புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு லிஃப்ட்காரரை இயந்திரத்தில் ஏறச் சொன்னார். ஏறினார். எண்ணைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"முதல்ல பார்த்தப்போ இருந்ததுக்கு ஏழு கிலோ கம்மி. சிறுநீர்ச் சோதனையிலயும் ஒண்ணு தெரியுது. உடம்பு தன்னோட கொழுப்பையே எடுத்து எரிச்சுக்கிட்டிருக்கு. சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"வீட்ல மூணு வேளையும் சமைக்கிறாங்க டாக்டர்."

"பசி எடுக்குதா?"

"நல்லா எடுக்குது."

அன்று அந்த அறையில் அவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லாத பேச்சு அது ஒன்றுதான்.

தையல்காரம்மா திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"காரணம் தெரியாம மெலியிற ஒருத்தர்கிட்டேருந்து கிட்னியை எடுக்க மாட்டோம்," என்றார் மருத்துவர். குரலில் கோபம் இல்லை. "உள்ளே என்ன இருக்குன்னு முதல்ல பார்க்கணும். அது உங்களுக்காகவும்தான், அவங்களுக்காகவும்தான்."

மிச்சத்தை ஒருங்கிணைப்பாளர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார். நாளைக் காலை குழு கூடுகிறது. இவருடைய கோப்பை இப்போதைக்குத் தள்ளி வைப்பார்கள். குறித்த நாள் வேறொரு குடும்பத்துக்குப் போகும். ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன் என்று எல்லாம் முடிந்து அடுத்த நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆகலாம், மூன்றும் ஆகலாம்.

இரண்டு மாதம் என்பது மற்றவர்களுக்கு நாட்காட்டியில் இரண்டு தாள். போன வாரம் டயாலிசிஸ் நடுவில் தையல்காரம்மாவின் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி, நர்சுகள் கட்டிலைச் சுற்றி ஓடியதை இந்தக் குடும்பம் கண்ணால் பார்த்திருந்தது. இதயம் களைத்து வருகிறது, இழுத்தடிக்க வேண்டாம் என்று அன்று சொன்னவரும் இதே மருத்துவர்தான்.

ஏழு கிலோ எப்படிப் போனது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்ல மாட்டேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆறு வாரத்துக்கு முன்னால், தையல்காரம்மா குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு பாட்டிலில் கோடு. நாக்கு வறண்டு, பாட்டிலைக் கையில் எடுத்து, கோட்டைப் பார்த்து, குடிக்காமல் கீழே வைத்த மனைவியை அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கறை படிந்த தரையில் முழங்கால் போட்டார். அவள் தாகத்தோடு இருக்கிற வரைக்கும் நானும் பசியோடு இருக்கிறேன், ராத்திரி ஒரு வேளை போதும், ஆபரேஷன் முடிகிற வரைக்கும் என்றார். கேட்டது அவளுடைய உயிரை. கொடுத்தது தன்னுடைய காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும். வேறு கொடுக்க அவரிடம் என்ன இருந்தது?

யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் அந்த வாக்கிலேயே அடக்கம். உபவாசம் இருக்கிறவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடமாட வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மச்சானின் வெள்ளிக்கிழமை உபவாசம் தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் தெரியும். அது அவர் வழி. நம் வழி இது என்று இருந்துவிட்டார்.

எல்லாம் சரி. ஏழு கிலோ காட்டிக் கொடுக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தனக்கு ஒரு உடம்பு இருப்பதையும், அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதையும் மனுஷன் மறந்தே போனார்.

வெளி வராந்தாவில் மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பேச்சுக்காரர் என்றாலும் பாசக்காரர்.

"மாப்பிள்ளை, பயப்படாதீங்க. இன்னிலேருந்து உங்களுக்காக நான் மூணு நாள் உபவாசம்."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

மகள் அம்மாவை வேனில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அப்பாவை மட்டும் நாலடி தள்ளி அழைத்துப் போனாள். மத்தவங்க முன்னாடி கேக்கலை, இப்ப சொல்லுங்க என்றாள். உங்களுக்கு ஏதாவது இருந்து எங்ககிட்ட மறைக்கிறீங்களா என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. எதை நினைத்து உடைந்தது என்று புரிந்ததும் அவருக்குக் குத்தியது. வீட்டில் ஒரு நோயாளி போதாதென்று இரண்டாவது ஆளையும் அவள் மனசில் படுக்கவைத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஏழு கிலோ எங்கப்பா போச்சு?"

ஏழு கிலோ போன இடம், ஊருக்கு நடுவில் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் வாசலில், காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வாட்ச்மேன் இந்த ஆறு வாரத்தில் நன்றாக ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். தினமும் வேலைக்குப் போகும் வழியில், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து லிஃப்ட்காரர் கொண்டுவரும் டிபன் பாக்ஸை வாங்கி, துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, நன்றி உள்ள மனுஷன் என்பதால் பளபளவென்று கழுவியும் கொடுத்துவிடுவார். எதற்காகத் தருகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். அன்றும் சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, அக்கா கையில என்னமோ இருக்கு அண்ணே என்றார்.

அன்று அந்தக் கட்டடத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. மதியம் தாண்டி, இரண்டு லிஃப்ட்டில் ஒன்று நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா. அலாரம் விடாமல் அடித்தது.

லிஃப்ட்காரர் அடுத்த லிஃப்ட்டில் உச்சிக்குப் போனார். ஐந்தாம் மாடியில் வாட்ச்மேனை நிறுத்தி, தளம் சரியாக வந்ததும் போனில் சொல்லச் சொன்னார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். எப்போதும் செய்கிற வேலைதான். இன்று நான்கு சுற்றுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சக்கரத்தை விட்டுவிட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும், பெட்டி எங்கேயும் போகாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்த தைரியத்தில்தான் நின்று நின்று சுற்றினார்.

கீழே வந்து கதவைத் திறந்தபோது, அந்த அம்மா இரண்டு கையாலும் பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். காய்கறிப் பை சரிந்து, வெங்காயம் பெட்டி முழுக்க உருண்டு கிடந்தது. கதவு திறந்த பிறகும் அவர் அசையவில்லை.

"வாங்கம்மா. வெளியில வரலாம்."

"விட்டா விழுந்துடும். இவ்வளவு நேரம் நான் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நீங்க பிடிச்சதால இது நிக்கலைம்மா. மேலே இதைப் பிடிச்சு வெச்சிருக்கிறது வேற. நீங்க ஏறுறதுக்கு முன்னாடியும் அது பிடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. கையை விடுங்க."

அந்த அம்மா ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. வெளியே வந்து, முதலில் அழுதார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார், பிறகு வெங்காயத்தைப் பொறுக்கினார். வாட்ச்மேனும் குனிந்து பொறுக்கினார். குனிய அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

லிஃப்ட்காரர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பேச்சை அவர் ஆயுசில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். வாய்க்குப் பழகிப்போன பேச்சு. இன்று அது வாயைத் தாண்டிப் போகாமல் அவர் பக்கமே திரும்பி நின்றது. ஆறு வாரமாக, மத்தியானம் வயிறு சுருண்டு இழுக்கும்போதெல்லாம், இன்றைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைத்தான் அவர் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் காதில் மட்டும் இது விழக் கூடாது, விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரசங்கமாகிவிடும் என்று ஒரு நினைப்பும் ஓடியது. சிரிப்பு வரவில்லை. புரிந்துவிட்டால் கை தானாக விட்டுவிடுமா என்ன? வாக்கை முறித்த வீட்டில் நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால், அந்தப் பழியை யார் சுமப்பது?

அவர் வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. மகள் இன்னும் வரவில்லை; பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு வர வேண்டும். தையல்காரம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை. பாதி தைத்த பள்ளிச் சீருடை ஒன்று ஊசிக்கடியில் அப்படியே கிடந்தது.

அவர் டிபன் பாக்ஸை மேசையில் வைத்தார். தையல்காரம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இன்னிக்குச் சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"என்ன வெச்சிருந்தேன்?"

லிஃப்ட்காரர் மேசை விரிப்பைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"முட்டை."

"முட்டை நேத்து."

"கீரை."

"உங்களுக்குப் பிடிக்காத கீரையை நான் என்னிக்குக் கட்டிக் குடுத்திருக்கேன்?" தையல்காரம்மாவின் குரல் உயரவில்லை. "யார் சாப்பிடறா?"

"வாட்ச்மேன்."

"நல்லா சாப்பிடறாரா?"

"சட்டை பட்டன் போட முடியலை அவருக்கு."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாளும் கழுவி வராத டிபன் பாக்ஸ் திடீரென்று கண்ணாடி மாதிரி வர ஆரம்பித்த வாரமே தெரிந்துவிட்டது என்றார். ஒரு நாள் இரண்டு நாள் உபவாசம் என்று நினைத்தேன், தினமும் என்று நினைக்கவில்லை என்றார். காலையில் அந்த எண்ணைப் பார்த்ததும்தான் முழுக்கணக்கும் புரிந்ததாம்.

"அப்ப ஏன் நீ டாக்டர்கிட்ட சொல்லலை?"

"அது நீங்க ஆண்டவர்கிட்ட குடுத்த வாக்கு. நடுவுல நான் யாரு? நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். அந்தத் தராசுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, வீட்ல மூணு வேளையும் சமைக்கிறாங்கன்னு சொல்றீங்க. எனக்கு அங்கயே தலையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு."

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆறு வாரமாக யாரிடமும் சொல்லாததை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நான் பாதியில விட்டு, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

தையல்காரம்மா சீருடையை ஊசியிலிருந்து விடுவித்து, மடித்து, ஓரமாக வைத்தார்.

"நீங்க எனக்கு ஒரு கிட்னி தரேன்னு கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்."

"அப்ப அது என் சாமான். என் சாமானை உங்ககிட்ட பத்திரமா வெச்சிருக்கச் சொன்னா, ஆறு வாரமா பட்டினி போட்டிருக்கீங்க."

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. தையல்காரம்மா அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த இடது கை மெதுவாக அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது.

"அந்த மெஷின்ல ரத்தம் போயி வரும்போது நான் என்ன ஜெபம் பண்றேன்னு தெரியுமா?" என்றார். "ஒண்ணும் கேக்கறதில்ல. கேக்கவும் தெம்பில்ல. இருக்கீங்களான்னு மட்டும் கேப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், இருக்கீங்களான்னு கேப்பேன். அவ்வளவுதான். என் பக்கத்துலேருந்து நான் ஒண்ணும் தரலை. தராததால அவர் எழுந்து போயிட்டாருன்னு எனக்கு ஒரு நாளும் தோணலை."

லிஃப்ட்காரர் தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தாகம்னா நீங்க என் பக்கத்துல உக்காருங்க. அது போதும். பசியோட உக்கார வேண்டாம்."

இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வேண்டாம், நானே எடுத்துக்கறேன் என்று அவர் பின்னாலேயே போனார். நீங்க எடுத்தா வாட்ச்மேனுக்குக் கொண்டுபோயிடுவீங்க என்று பதில் வந்தது.

தட்டு வந்தது. மதியம் செய்ததில் எடுத்து வைத்தது, சூடு பண்ணியது. சாப்பிடும் முன் ஜெபம் பண்ணுவது அந்த வீட்டில் எப்போதும் அவர் வேலை. கண்ணை மூடினார். ஆறு வாரமாக, நான் சாப்பிடவில்லை பாரும் என்றே பேசிப் பழகிவிட்டது. சாப்பிடப் போகிறேன் என்பதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தையல்காரம்மாதான் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இவர் சாப்பிடறார். பார்த்துக்கோங்க. ஆமென்."

மச்சான் கேட்டிருந்தால் இது ஜெபமா என்று கேட்டிருப்பார். லிஃப்ட்காரர் ஆமென் என்றார். சொன்ன பிறகுதான் முதல் வாய் உள்ளே இறங்கியது. தையல்காரம்மா பாட்டிலை எடுத்து, கோட்டைப் பார்க்காமல் ஒரே ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

பாதித் தட்டில் இருக்கும்போது மகள் உள்ளே வந்தாள். வேளை கெட்ட வேளையில் அப்பா சாப்பிடுவதையும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பதையும் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்றாள். தையல்காரம்மா, நீங்களே சொல்லுங்க என்பது போல அவரைப் பார்த்தார். அவர் சொன்னார். முழுக்கச் சொன்னார். வாட்ச்மேனையும் விடாமல் சொன்னார்.

மகள் சாவிக்கொத்தைச் சுவரோரம் விட்டெறிந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேப்பா, காலையிலேருந்து நான் உங்களுக்கு என்னென்ன வியாதியோ நினைச்சு நினைச்சு, இருபது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கேன் என்று கத்தினாள். கத்தி முடித்ததும் தானே போய்ச் சாவியைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அப்பா தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். கோபத்திலும் அந்தக் கை தாராளமாகத்தான் விழுந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மகள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் பண்ணினாள். பிறகு மருத்துவரைக் கேட்டுவிட்டு மறுபடி அழைத்தார்கள். போனில் சொன்னால் கணக்கில் வராது, அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்றைக்கு அலுவலகம் மூடுவதற்குள் வந்தால், நாளைக் காலை குழு முன்னால் வைக்கலாம். ஏற்றுக்கொள்வார்களா, ரத்தத்தை மறுபடி பார்க்காமல் முடியாது என்பார்களா, அதற்கெல்லாம் உறுதி இல்லை. மருத்துவர் சொல்லச் சொன்னதாக ஒரு சேதி மட்டும்: தினமும் சாப்பிடச் சொல்லுங்கள், இனி அவராக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

இதற்கு நடுவில் மச்சானும் போன் பண்ணினார். மாப்பிள்ளைக்காக உபவாசம் ஆரம்பித்தாயிற்று, லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். தையல்காரம்மா போனை வாங்கி, "அண்ணா, நீ முதல்ல சாப்பிட்டு உன் மாத்திரையைப் போடு. இந்த வீட்ல ஒருத்தர் உபவாசம் பண்ணினதே போதும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் கைகழுவி வந்து, வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான், பராமரிப்பு அறிக்கை. ஆகையால் அப்படியே எழுதினார்.

'பழுது: எடை குறைவு. காரணம்: கடந்த ஆறு வாரமாகக் காலை உணவும் மதிய உணவும் நானாக நிறுத்தியது. நோய் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மனைவிக்காக உபவாசம் இருந்தேன். மருத்துவர் கேட்டபோது நேராகப் பதில் சொல்லாதது என் தவறு. நிவர்த்தி: இன்று மாலை உணவு உட்கொள்ளப்பட்டது. இனி மூன்று வேளையும் உட்கொள்ளப்படும். எந்தச் சோதனைக்கும் எந்நேரமும் வரத் தயார்.'

இதோடு முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். பேனா நின்றது. பிறகு, அறிக்கையில் எங்கும் இடம் இல்லாத ஒரு வரியைக் கீழே சேர்த்தார்.

'இதை ஆண்டவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நிறுத்திவிட்டேன் என்றும் இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். தங்கள் குழு அவளைக் கைவிடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

மகள் வாங்கிப் படித்தாள். 'உட்கொள்ளப்பட்டது'ன்னு யாருப்பா எழுதுவா என்று மட்டும் சொன்னாள். தையல்காரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, கடைசியில் சாட்சி என்று போட்டு, 'சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன், இரண்டு தடவை போட்டுக்கொண்டார்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் இட்டார்.

மகள் உறையைத் தேடி அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள். முழுக்கைச் சட்டையின் கை முழங்கைக்குக் கீழே வழிந்தது. முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பஞ்சு, அதன் மேல் ஒட்டிய வெள்ளைப் பட்டை. ரத்தம் எடுத்த இடம். காலையில் அது அங்கே இல்லை.

லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார். மதியம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போவதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் ஆஸ்பத்திரிக்குப் போய், தன் கிட்னி அம்மாவுக்குப் பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கையை இறக்கியபோது அவள் கண் அவர் கண்ணைச் சந்தித்தது. சட்டையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மாவின் பக்கம் ஒரு பார்வை. அம்மா பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றார் அவர், குரலை இறக்கி.

"முதல்ல இதை ஒட்டுங்கப்பா. ஆபீஸை மூடிடுவாங்க."

அவர் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். ஓரத்தில் பசை தடவி, மடித்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் அழுத்திக்கொண்டே போனார். ஒட்டிக்கொண்டது தெரிந்த பிறகும் விரலை எடுக்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. உறையைக் கொடுத்தார்.

வேன் வாசலில் நின்றது. மகள் ஏறி, உறையைப் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி அதற்கு இருக்கைப் பட்டையை மாட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.